இரண்டு மூலை வெள்ளை

மார்ச் 4
இன்றும் வண்ணத்தட்டின் இரண்டு மூலையிலும் வெள்ளையைப் பிதுக்கிவிட்டேன். வலது மூலை அக்காவுக்கு, இடது மூலை இடக்கைக்காரியான எனக்கு. ஒரே தட்டை நடுவில் வைத்து வரைந்த பன்னிரண்டு வருடப் பழக்கம். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கைக்கு யார் சொல்வது?

மார்ச் 5
அக்கா பக்கத்து வெள்ளை ஆடை கட்டிவிட்டது. சுரண்டி எறிந்தேன்.

மார்ச் 9
தட்டைப் புதிதாக அடுக்க உட்கார்ந்தேன். வெள்ளை ஒன்றே ஒன்று. அப்புறம் மஞ்சள், காவி, சிவப்பு, பழுப்பு, இரண்டு நீலம். கறுப்பு கிடையாது. எல்லாம் அந்தக் கறுப்பால் வந்ததுதானே! அக்காவுக்கு நிழல் என்றால் கறுப்பு. எனக்கு நீலமும் பழுப்பும் கலந்தால் போதும். அவள் பிரஷ் தினமும் என் வெள்ளையை அழுக்காக்கும், நான் தினமும் கத்துவேன். கத்தியதோடு விட்டேனா? கண்காட்சியில், வந்தவர்கள் முன்னாலேயே, "உன் படமெல்லாம் கரி பிடிச்ச சட்டி மாதிரி இருக்குக்கா" என்றேன். வாய்க்கொழுப்பு. மறுநாள் தன் பிரஷ்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 15
படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் வந்தார். "அக்கா இன்னும் ஊர்லேர்ந்து வரலையாம்மா?" போன தடவை நான் சொன்ன பொய்யை மறக்காமல் வைத்திருக்கிறார். "வருவாங்க" என்றேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். இந்த வாரம் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மார்ச் 21
அக்காவின் காலி நாற்காலியை வரைகிறேன். அதனடியில் விழும் நிழல் வரவே மாட்டேன் என்கிறது. நீலம், பழுப்பு, மறுபடி நீலம் — வெறும் சேறு. ஆறு நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

மார்ச் 22
போய்க் கறுப்பு டியூப் வாங்கிவந்தேன். தட்டில் எங்கே வைப்பது? போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
"அக்கா... கறுப்பை எங்க வைக்கணும்?"
"வெள்ளைக்குப் பக்கத்துல வைக்காதடி, கழுதை. வச்சிருப்பியே!"
வைத்திருந்தேன். "அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புக்கா" என்றேன்.
"என்ன வரையிற?"
"உன் நாற்காலியை."
போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 25
போன் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பொய்.

ஏப்ரல் 2
நாற்காலிப் படம் அப்படியே நிற்கிறது. காலையிலிருந்து அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, எப்படி முடிப்பது? இரண்டு மூலையிலும் வெள்ளை வைத்தேன். மத்தியானத்துக்குள் அக்கா என் பக்கத்து வெள்ளையில் கறுப்பை இழுத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.