கையெழுத்து வைக்காத படிவம்

நிஹாராவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஓம், ஸ்கேன் நிலையத்தில் சண்டை பிடித்தது நான்தான். கூட வந்த உங்கள் ராத்தா, தம்பி உங்களிடம் சொன்னது பொய்யில்லை.

என் முதுகெலும்பைப் படமெடுக்கும் முன், படம் தெளிவாக விழ ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். போன வருடம் அந்த மருந்து ஏற்றித்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த முறை நீட்டிய படிவத்தில், 'ஒவ்வாமை இல்லை' என்று அவர்களே அடையாளம் போட்டிருந்தார்கள்.

"சும்மா கையெழுத்த வைங்க, ஆக்கள் காத்திரிக்காங்க," என்றார் மேசையில் இருந்த பெண்.

"வைக்க மாட்டன். டொக்டரக் கூப்பிடுங்க."

ராத்தா வெட்கத்தில் வெளியே போய்விட்டார். நான் கதிரையை விட்டு அசையவில்லை.

டொக்டர் வந்து, என் பழைய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை இரண்டு தரம் வாசித்தார். "இது அந்த மருந்தால வந்ததுதான். நல்ல காலம் சொன்னீங்க. ஊசி இல்லாமலே எடுப்பம்."

படம் தெளிவாக வந்தது.

போன வருடம் எனக்கு மூச்சுத் திணறியதை, "பயத்தில வந்தது" என்று டோஹாவிலிருந்து சொன்னீர்கள். டொக்டர் அதை மருந்தின் பெயரோடு சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறார். போனில் படம் பிடித்து அனுப்ப மாட்டேன். வந்து வாசியுங்கள்.

உங்கள் மகளின் உம்மா