ஊட்டுக்காரர்

கிளியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரைக் கட்டி ஆளும் என் மருமகள் கீர்த்திகா கண்ணுக்கு,

அடிவாரம் முதல் ஏற்காடு வரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஏக சக்கரவர்த்தியான ஜீப் டிரைவர், உன் மாமன் முனியப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம். ஜீப்பும் நலம், பிரேக் மட்டும் அவ்வப்போது தியானத்தில் ஆழ்ந்துவிடுகிறது. போனை விட்டுவிட்டுக் கடிதமா என்று சிரிக்காதே. இதில் உங்கம்மா காதுக்குப் போகக் கூடாதது கொஞ்சம் இருக்கிறது. நான் போனில் கிசுகிசுத்தால் சேலம் ஜங்ஷனில் நிற்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.

நீ ஒப்படைத்த வேலை முடிந்தது. ஆனால் நீ கிளப்பிய புயலை முதலில் கேள். போன மாதம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவள், ஊட்டுக்காரர் வந்திருக்காரும்மா, அப்புறம் கூப்பிடறேன் என்று போனை வைத்துவிட்டாய். நீ சொன்னது ஒழுகுகிற குழாயைப் பார்க்க வந்த வாடகை வீட்டு ஓனரை. உங்கம்மா சுஜாதா காதில் விழுந்ததோ புருஷன். மகள் சொல்லாமல் கொள்ளாமல் தாலி கட்டிக்கொண்டாள் என்று அவள் அழுத தண்ணீரில் ஏற்காட்டு ஏரியின் படகுத்துறை முங்கிப்போனது. அழுகை வற்றியதும் நேரே கடைவீதிக்குப் போய் மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்தாள். விருந்துக்குக் கிடா பிடித்தாள். எப்போ வர்றீங்க என்று உனக்குப் போன் போட்டாள்.

அப்புறம்தான் நீ என்னிடம் அலறினாய். கல்யாணமும் இல்லை, ஒண்ணுமில்லை, வசந்தும் நானும் ஒண்ணா இருக்கறோம், அவ்வளவுதான், கல்யாணம் பண்ணுவோமான்னே முடிவு பண்ணலை, அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க மாமா என்றாய். பக்குவமாம். தேன்கூட்டைத் தட்டிவிட்டுத் தாலாட்டுப் பாடச் சொன்னாய்.

நேற்றுப் போனேன். களத்தில் காப்பிக்கொட்டையைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். ஜீப்பை ஓடுவதற்குத் தோதாகத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அம்மணி, அது அந்த ஊட்டுக்காரர் இல்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துழாவிய கை நின்றது. மலை இரண்டாகப் பிளக்கும் என்று காத்திருந்தேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தப் பையன் கோவிச்சுக்கிட்டா எங்கே போறான்?

நீ அலறிய பிறகு நான் உங்களிடம் வந்து தங்கியபோது பார்த்ததைச் சொன்னேன். துவைத்த துணியை யார் மடிப்பது என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அவன் விருட்டென்று மொட்டை மாடிக்குப் போனான். உலை அரிசி வேகறதுக்குள்ளே இறங்கி வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான்.

வந்துட்டானா என்றாள். வந்துட்டான் என்றேன்.

கண்ணு, உங்கப்பாவும் கோவிச்சுக்கிட்டுத்தான் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. நேற்று உங்கம்மா தாலிக்கயிற்றை எடுத்து வெளியே விட்டு, இதை ஊரே கூடி நின்னு கட்டி வெச்சுதுண்ணா, ஊட்டுக்காரர் எங்கே என்றாள். அழவில்லை. ஊட்டுல இருக்கறவன்தானே ஊட்டுக்காரன், புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கறா என்று மறுபடியும் கொட்டையைத் துழாவ ஆரம்பித்தாள்.

சேர்வராயன் மலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேலம் சந்தைக்குப் போய்வந்ததாக அளந்தவன் நான். அந்தக் களத்தில் எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. நான் தோளில் தூக்கித் திரிந்த தங்கச்சி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபடியே அந்த மலையைவிட உயரமாக இருந்தாள். இதில் மிகை இல்லை. ஜீப்பின் மேல் சத்தியம்.

அதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. பார்சலில் காப்பித்தூளுக்கும் மிளகுக்கும் நடுவே அந்த வேட்டியை வைத்திருக்கிறாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. பையன் கட்டிக்கொண்டு வரட்டும்.

கிடாயை இன்னும் விற்கவில்லை. அது என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. பக்கத்து ஊட்டு மேகலா, அவர் யாருங்க, என்ன முறைங்க என்று குடைவாள். அவளுக்குப் பதில் சொல்கிற போர்முனையை என்னிடம் விட்டுவிடு. அடிவாரத்தில் ஜீப்போடு நிற்பேன்.

ஊட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வரச் சொல் என்றுதான் அம்மா எழுதச் சொன்னாள். குழாய் பார்க்க வந்தவரை ஏற்றி வந்துவிடாதே சாமி. பஸ் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்த்துப் பழகியவள் அவள். ஒரு தடவையாவது ஆள் வந்து இறங்கட்டும்.

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாகச் சண்டை போடுங்கள். யார் கோவித்துக்கொண்டு போனாலும் சோறு வேகறதுக்குள்ளே ஊடு திரும்பிவிடுங்கள். இது உன் மாமனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முனியப்பன்