சட்டைப்பையில் என் குரல்

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. பத்தரைக்குப் பார்சல் வந்தது. மகள் வள்ளி புனேயிலிருந்து அனுப்பிய போன், அப்பாவுக்கு. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பிவிடலாமாம். "அம்மா, நீதான் பாத்துச் சொல்லணும்" என்கிறாள். முப்பது வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவளிடம் கீ வைத்த எதைக் கொடுத்தாலும் மார்க் போடாமல் விடமாட்டேன், அது அவளுக்குத் தெரியும்.

முதல் பார்வை: நல்ல மெலிசு. மேலே சதுரமாகச் சின்னத் திரை, கீழே நிஜமான பட்டன்கள். அழுத்தினால் உள்ளே போய் வருகிறது. சத்தம் சன்னம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். இங்கிலீஷில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழாக வருகிறது. அடித்ததை வாசித்தும் காட்டுகிறது.

இவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை.

போன மார்கழியில் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. உடம்பு இப்போது நன்றாக இருக்கிறது, டாக்டரே சொல்லிவிட்டார். பேச்சுதான் இல்லை. இருபத்தெட்டு வருடம் திருநெல்வேலி–பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய மனிதர், பாக்கெட் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். நான் காத்திருப்பேன். டீக்கடையில் எவன் காத்திருப்பான்? சித்திரையோடு அங்கே போவதை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க வீட்டுக்குள். இந்தப் போனால் இவர் திரும்ப டீக்கடைக்குப் போவாரா, அதுதான் பரீட்சை. மற்ற மார்க்கெல்லாம் சும்மா.

வாங்க: உளுந்து, ரிப்பன் 2, கழுத்தில் கட்ட மல் துணி.

வியாழன், ஜூலை 10

காற்று. மதிய பேட்ச் ஏழு பேர். டைப்பிங் லோயர் பரீட்சை நெருங்குகிறது, ஒருத்திக்கும் பயம் இல்லை.

இவருக்குப் பாடம் ஆரம்பம். கீயைப் பார்த்து அடிக்கிற கை தேறாது, இது என் சட்டம். கறுப்பு டேப்பைப் பொடியாக வெட்டி, எழுத்தே தெரியாதபடி ஒவ்வொரு கீயிலும் ஒட்டினேன். முக்கால் மணி நேர வேலை. போனை மேசையில் வைத்துப் பத்து விரலையும் வைக்கச் சொன்னேன். எங்கே வைப்பது? ஒரு விரலுக்கு மூன்று கீ மறைகிறது. நோட்டில் எழுதினார்: "இது போனா, ஆர்மோனியமா?"

சிரிக்கவில்லை நான். வாத்தியார் சிரித்தால் வகுப்பு போச்சு. சரி, இரண்டு கட்டைவிரல் போதும் என்று இறங்கி வந்தேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், பத்து வரி. நாலாவது வரியில் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

மார்க்: கீ அழுத்தம் 8. மெலிசு 10. சார்ஜ் 9. தமிழ் 5, கீயில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாததற்கு. மாணவர் 2.

சனி, ஜூலை 12

வெயில், அதிசயமாக. துணியெல்லாம் காய்ந்தது.

காலையில் பேச்சிமுத்து அண்ணாச்சி (இனி பே.) வந்து இவரை டீக்கடைக்கு இழுத்துப்போனார். இவர் விசிலுக்குப் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டிய டிரைவர். "என்னமோ மிஷின் வந்திருக்காம்லா மதினி, பாத்துருவோம்" என்றார். அயர்ன் பண்ணிய சட்டையைக் கொடுத்தேன். போன் பைக்குள் போனதே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். போனைப் பெட்டியில் வைத்து மூடினார். பின்னாலேயே பே. வாசலில் நின்று பையச் சொன்னார்.

"பஸ்ஸ ஆஸ்பத்திரி பக்கத்துல நிறுத்தணும்னு ஒரே சண்ட மதினி. இவரும் குனிஞ்சு அடிக்காரு, அடிக்காரு. அதுக்குள்ள பேச்சு தங்கவேலு மவ கல்யாணத்துக்குப் போயிட்டு. அப்பம் பாத்து போன்ல ஒரு பொம்பள நியூஸ் வாசிக்க மாதிரி, 'அங்கே நிறுத்தினால் பிள்ளைகள் எப்படி ஏறுவார்கள்?' அப்டிங்கா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஓடல. பொறவு எல்லாவனும், 'ஆமா, சரியாச் சொன்னீய'ன்னுட்டான்."

இவர் நோட்டில் ஒரே வரி: "மரியாதையாப் பேசிட்டானுவ."

அரிசி களைந்துகொண்டே கொஞ்சம் அழுதேன். ஊரில் ஒருத்தன்கூட இவரிடம் மரியாதையாகப் பேசியது கிடையாது, எல்லாம் வாவே, போவேதான். அதுதான் இவர் சொத்து.

ஞாயிறு, ஜூலை 13

இன்ஸ்டிடியூட் லீவு. ஆற்றில் தண்ணீர் நல்ல வரத்து. இவர் முங்கக் கூடாது, கழுத்துத் துளைக்குள் தண்ணீர் போய்விடும். படித்துறையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு இடுப்புக்குக் கீழே ஊற்றிக்கொண்டார். பக்கத்தில் நான் காவல்.

சாப்பிட்டு முடித்ததும் அலமாரியைத் திறந்து சர்வீஸ் கால தோல்பையை எடுத்தார். உள்ளே விசில், பழைய டிக்கெட் கட்டு நாலைந்து. கட்டுகளை விரலிடுக்கில் விசிறி மாதிரி பிடித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார். கண் ஆள் மேல், கட்டைவிரல் கட்டின் மேல். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. முப்பது வருடமாக நான் பிள்ளைகளிடம் கெஞ்சுவது இதைத்தான்.

பிறகு வேகவேகமாக எழுதினார். ஒரு பக்கம் முழுக்க.

"டிக்கெட்ட நாமளா எழுதுதோம்? அச்சடிச்சது கட்டுக் கட்டா கையில இருக்கு. எந்த ஊரோ அந்தக் கட்டுல கிழிக்கோம். டீக்கடையில நான் புதுசா என்னத்தப் பேசப் போறேன்? ஒரு பட்டனுக்கு ஒரு பேச்சு போதும்."

வள்ளிக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு கீயிலும் ஒரு குரல்பதிவை மாட்டிவைக்கலாமாம், அழுத்திப் பிடித்தால் பேசுமாம். வீடியோவில் சொல்லிச் சொல்லி என்னைச் செய்யவைத்தாள். இவர் அடியில் இன்னொரு வரி எழுதி, இரண்டு கோடு போட்டுக் காட்டினார்: "அந்த நியூஸ்காரி வேண்டாம். நீ சொல்லு."

திங்கள், ஜூலை 14

மறுபடி சாரல். பட்டியல் தயார். இருபத்தாறு கீயில் இருபத்தைந்துக்கு வரி. இங்கே எழுதக் கூடியவை மட்டும்:

ஏலே, சும்மா அளக்காத.
உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு.
நீரு எங்கவே எறங்கணும்? (பேச்சை நிறுத்தாதவர்களுக்கு)
டீ ஆறிட்டு, வேற போடு.
மூதேவி, மூடு வாய.

நான் மூதேவி என்று யாரையும் சொன்னதில்லை. முதல் தடவை டிக்டேஷன் கொடுப்பதுபோல 'மூ-தே-வி' என்று வந்தது. தலையை ஆட்டினார். மறுபடி. மறுபடி. ஏழாவது தடவை, நான் பிழியச் சொன்ன துணியை இவர் பிழியாமல் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அது சரியாக வந்தது. கட்டைவிரலை உயர்த்தினார். பக்கத்து அறை இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர் சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. மதிய பேட்ச் முழுக்கக் காது கொடுத்திருக்கிறது.

செவ்வாய், ஜூலை 15

மிச்ச வரிகளை அடுக்களையில் வைத்துப் பதிந்தேன். 'டீ ஆறிட்டு'க்கு நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டது. போட்டுக் காட்டினேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். அழிக்கவிடவில்லை.

பிறகு ஏதோ தோன்றி, தோல்பையிலிருந்து விசிலை எடுத்து வந்தார். மிச்சம் இருந்த ஒரு கீயைக் காட்டினார். இவரால் ஊத முடியாது, மூச்சுதான் வாய்க்கு வருவதில்லையே. நான் ஊதினேன். கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தியது. என் கையிலிருந்து வாங்கி வேட்டியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கீயில் ஒட்டிய டேப்பை உரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். தடவித் தடவி இடம் மனப்பாடமாகிவிட்டதாம். அதற்கு மட்டும் ஒரு மார்க் எனக்கு.

புதன், ஜூலை 16

காலை ஆறரைக்குப் போனவர் பத்தேமுக்காலுக்கு வந்தார். உளுந்தும் வாங்கி வரவில்லை. கூடவே பே., வாசலிலிருந்தே கத்திக்கொண்டு.

"மதினி, என்னைய மூதேவின்னுட்டீயளே."

நடந்தது: பே. வழக்கம்போல, வெள்ளத்தில் பஸ்ஸைப் பாலத்தின் மேல் ஓட்டிய கதையை எடுத்திருக்கிறார். தண்ணீர் கதவு வரைக்கும் வந்தது என்றாராம். இவர் கை சட்டைப்பைக்குள் போயிருக்கிறது. கண் பே. முகத்தில். பைக்குள்ளிருந்து என் குரல்: "ஏலே, சும்மா அளக்காத."

"நான் திரும்பிப் பாக்கேன், மதினி எங்க நிக்கான்னு. கட முழுக்கச் சிரிப்பு. வாயத் தொறக்குமுன்ன அடுத்தது, மூதேவி. 'போரும்வே, பொண்டாட்டி முந்தானையில ஒளிஞ்சிக்கிட்டுப் பேசுத பயலே'ன்னு நானும் நல்லாக் குடுத்துட்டேன்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ பொன்னாடை போர்த்திவிட்ட மாதிரி நிற்கிறார். சந்தோஷமாக இருந்தது எனக்கு. ரொம்ப. வெட்கமாகவும். இனி கடைத்தெருவில் எப்படித் தலை காட்டுவேன்.

சாயங்காலம் இவரும் பே.யும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்தார்கள். கீழே பேட்ச் மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பயப்படாத டிரைவர் கன்னம் உப்பி, மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

வெள்ளி, ஜூலை 18

சாரல் விட்டு விட்டு. இன்று கடைசி நாள். வள்ளி முந்தாநாளே சும்மா ஒரு ரிட்டர்ன் பதிவு செய்து வைத்திருந்தாளாம், வேண்டாம் என்றால் ஆளிடம் சொல்லிவிடலாம் என்று. காலையில் இவரிடம் கேட்டேன், வைத்துக்கொள்வதா, அனுப்புவதா. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். புதன்கிழமை அவ்வளவு ஆட்டம் போட்டவர். எனக்குக் கோபம்.

உட்கார்ந்து மார்க் கூட்டினேன். திரை சிறிசு. தமிழ் 5. நியூஸ்காரி 0. அழுத்திப் பிடிக்கிற கீ 10. பார்க்காமல் அடிக்க வருகிறது 10, இதற்கு இன்னும் மேலே போடலாம். கூட்டி முடிக்குமுன் வாசலில் பைக். மழைக்கோட்டுப் போட்ட ஆள், இன்ஜினை அணைக்காமல்.

"ரிட்டர்ன் இருக்குன்னு போட்டிருக்குக்கா. எடுக்கவா, வேண்டாமா?"

படியில் நின்றபடி உள்ளே திரும்பி, "உங்களத்தான் கேக்கேன், என்ன சொல்லட்டும்?" என்றேன்.

உள்ளேயிருந்து விசில். வீடே அதிர, இரண்டு தடவை. மிச்சம் இருந்த அந்தக் கீ. இவர் விசில்தான், பே. மூச்சு. ஒரு விசில் என்றால் நில்லு, இரண்டு என்றால் போகலாம். இந்த ரோட்டில் பஸ் ஏறின யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம். அந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கியரைத் தட்டி வண்டியை எடுத்துவிட்டார்.

நானும் என்னையறியாமல் படியிலிருந்து உள்ளே ஏறி நின்றிருந்தேன்.