வெங்காயத்தோல் புடவைக்கு எடுத்த ஜாக்கெட்

அக்கா,

இன்று காலையில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து ஐடி கார்டைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கார்டு வரவில்லை, அந்தத் துண்டு வந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. உன் ஜாக்கெட்டை வெட்டியபோது கக்கத்துப் பக்கம் மிஞ்சியது. புதுத்துணிக் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, சாம்பிளா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், கோர்வையாக வராது. நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவிலேயே "விஷயத்துக்கு வாடி" என்பாய். இப்போது அப்படிச் சொல்ல நீ இல்லை. மெதுவாகவே வருகிறேன்.

தேரடிப் பக்கம் இருந்த நம் காம்ப்ளக்ஸை இப்போது யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் எட்டடி, பத்தடிக் கடைகள், மேலே சிமெண்ட் ஷீட். வெளியில் நின்று பார்த்தால் குகை மாதிரி இருக்கும். பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். வளையல் கடை, பாத்திரக் கடை, பாயின் வாட்ச் ரிப்பேர் கடை, அதை ஒட்டி உன் மேட்சிங் கடை. மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் ஜாக்கெட் பிட். உன் கடை வாசலில் என் தையல் மிஷின். புடவைக்கு ஓரம் அடிப்பதும் ஃபால்ஸ் வைப்பதும் என் வேலை. நிறம் பார்ப்பது உன் வேலை. நான் அங்கே வந்த பிறகு பதினாறு வருடம் அப்படித்தான் ஓடியது, கூடப் பிறக்காவிட்டாலும் நீ எனக்கு அக்கா ஆனதும் அப்படித்தான்.

டியூப்லைட்டுக்குக் கீழே நின்று நீ ஒரு பிட்டுகூட வெட்டிக் கொடுத்ததில்லை. யார் புடவையைக் கொண்டுவந்தாலும் நாலு பிட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் புடவையையும் வாங்கிக்கொண்டு, விடுவிடுவென்று நடையைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடுவாய். "டியூப்லைட்டு பொய் சொல்லும்டி" என்பாய். காலையில் காம்ப்ளக்ஸ் வாசலிலேயே வெயில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் கோபுரத்தின் நிழல் நம் வாசலுக்கு வந்துவிடும். அப்போது நிழலைத் தாண்டி, பூக்காரிகள் உட்கார்ந்திருக்கும் இடம் வரைக்கும் போவாய். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வந்தவர்களிடம், "காலைல வாங்கம்மா, இப்ப நெறம் தெரியாது" என்று சொல்லிவிடுவாய். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாயே என்று நான்தான் புலம்புவேன்.

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? பௌர்ணமி கிரிவலத்துக்கு முந்தின நாள், நடை கொள்ளாத கூட்டம். மகளுக்கு எடுத்த புடவையை உன் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் நீயும் இல்லை, புடவையும் இல்லை.

"ஐயோ, எம்புடவ! எம்புடவைய எடுத்துகினு ஓடறா பாருங்க, புடிங்க!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் ரோட்டுக்கு ஓடி வந்தாள். நீ வெயிலில் நின்று ஒரு கையில் புடவையையும் ஒரு கையில் பிட்டையும் தூக்கிப் பிடித்திருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, திருடறதா இருந்தா இந்த நெறத்தையா திருடுவேன்?"

"ஏன், எந்நெறத்துக்கு இன்னா கொறச்சல்?" என்று அவள் இடுப்பில் கையை வைத்தாள். பாய் லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றாமலே, "யக்கா, ஜாமீனுக்கு நான் வரேன், பயப்படாதீங்க" என்றார். நடையே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் புடவையை எடுத்துக்கொண்டு உன்னிடம்தான் வந்தாள். வரும்போதே, "திருடிக்கு வேல வந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

பிறகு காம்ப்ளக்ஸ்காரர் காலமானார். சென்னையில் இருந்த பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். துணிக்கடை வருகிறதாம், நாலு மாடியாம் என்றார்கள். எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று பாத்திரக் கடைக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நீ போட்டாய், ஆனால் போடும்போதே, "அவங்க எடம், அவங்க விக்கிறாங்க. நாம யார்கிட்டப் போயி இன்னான்னு கேக்கறது?" என்றாய். அவர் தாளை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். மனு என்ன ஆனது என்று யாரும் பிறகு கேட்கவும் இல்லை.

காலி செய்த கடைசி நாளில், நாம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறி ஷீட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். உன் கடைக்கு மேல் இருந்த ஷீட்டைத் தூக்கியதும் வெயில் நேராக உள்ளே விழுந்தது. சுவரில் மிச்சம் இருந்த பிட்டெல்லாம் அதனதன் நிறத்தில் நின்றன. பதினாறு வருடத்தில் அந்தச் சுவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "பாத்தியாடி, இப்ப வருது வெயிலு. முன்னமே வந்திருந்தா எங்காலு தேஞ்சிருக்காது." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டுக்குப் போனாய். நான் மிஷினை அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய் வீட்டில் போட்டேன். புடவை வாங்கும் கடையிலேயே ஃபால்ஸ் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், என்னைத் தேடி யார் வருவார்கள்? மிஷின் மேல் டிவி ரிமோட்டும் மாத்திரையும் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒரு வருடம் பார்த்தேன். அப்புறம் அந்த நாலு மாடிக் கடையிலேயே போய் வேலை கேட்டேன். மேட்சிங் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். இரண்டாவது மாடியில் நிறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உன் கடைக்கு நேர் மேலேதான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. பாய் கடை இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது.

உன்னிடம் நான் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது.

அங்கே ஜன்னலே கிடையாது அக்கா. முன்னால் இருக்கும் கண்ணாடியிலும் உள்பக்கம் பெரிய பெரிய படத்தை ஒட்டிவிட்டார்கள். பில் போடாத துணி மாடியை விட்டு இறங்கக்கூடாது. முதல் மாதம் ஒரு அம்மாவிடம், "வெயில்ல வச்சுப் பாத்தா தேவலம்மா" என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நல்ல பையன்தான். "யக்கா, அப்படிலாம் சொல்லாதீங்க. இந்த லைட்டுக்குப் பேரே டே லைட்டு. வெயிலும் இதுவும் ஒண்ணுதான்" என்றான். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "மேட்ச்தான்மா" என்று சொல்லப் பழகினேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ஒருநாள் மதியம் நீ வந்தாய். நான் யூனிபார்ம் புடவையில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் போய், வேறு பெண்ணிடம் ஒரு பிட்டைக் கேட்டு வாங்கினாய். அவள் இன்னொருவருக்குத் துணி எடுக்கத் திரும்பினாள். நீ பிட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாய். திருடுவதற்கு இல்லை. உன் கால் அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே இறங்கி வந்தேன். அதற்குள் வாசல் கேட்டில் திருட்டைக் காட்டும் மிஷின் கத்தியது. செக்யூரிட்டி கையை நீட்டி உன்னை மறித்தார். டெலிவரி கவுண்டரில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"வெயில்ல பாக்கத்தாம்பா" என்றாய்.

"பில் போட்டுட்டுப் பாருங்கம்மா. இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

திருடுவதாக இருந்தால் இந்த நிறத்தையா திருடுவேன் என்று நீ கேட்பாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தோளிலிருந்து பிட்டை எடுத்து, நாலாக மடித்து, அவர் கையில் கொடுத்தாய். படியின் கடைசியில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாய். இது எங்க அக்கா, முப்பது வருடம் இதே இடத்தில் கடை வைத்திருந்தவள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி போதும். சூப்பர்வைசர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நீயே போன் செய்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "உள்ள ஏசி நல்லாருக்குதுடி" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

உன் மகள் போன் செய்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. "சித்தி, அம்மா பூட்டாங்க" என்று அழுதாள். கொஞ்சம் தேறியதும், "எங்கல்யாணத்துக்குக் கட்னாங்களே வெங்காயத்தோலு கலரு புடவ, அதத்தான் கட்டணும்னு சொல்லிகினே இருந்தாங்க. பழைய ஜாக்கெட் பத்தல, ஒடம்பு ஊதிப்போச்சு. ஜாக்கெட் நீங்கதான் எடுத்துத் தெக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள். எனக்கும் தெரியும். காம்ப்ளக்ஸில் நீ விளையாட்டாகச் சொல்வாயே, "எம்பொண்ணுக்கு ஊதாவும் கத்திரிப்பூவும் ஒண்ணு. நான் பூட்டா நீயே பாத்து எடு. கண்டத மாட்டி உட்டுடாதீங்க, எழுந்து வந்துருவேன்."

சின்ன மேட்சிங் கடை ஒன்றுகூட அந்தப் பக்கம் மிச்சம் இல்லை. நான் வேலை பார்க்கும் கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். திறந்ததும் மேலே ஓடி நானே பிட்டை உருவினேன். புடவை கையில் இல்லை. கண்ணுக்குள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லைட்டில் பிடித்துப் பார்த்தேன். வெங்காயத்தோலேதான். பில் போட்டு, கவரில் போட்டு, வாயில் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வெளியே வந்ததும் பிரித்துப் பார்த்திருக்கலாம் அக்கா. பஸ் கிளம்பிவிடும், கவரைப் பின் அடித்திருக்கிறது என்பதெல்லாம் சாக்கு. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த லைட்டுக்குக் கீழே நின்று மேட்ச்தான், மேட்ச்தான் என்று சொல்லிச் சொல்லி என் கண்ணும் அதையே நம்பப் பழகிவிட்டது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

உன் மகள் வீட்டு உள்ரூமில் மிஷின் இருந்தது. டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தைத்தேன். புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தது. கொக்கி வேண்டாம், முதுகுப் பக்கம் திறந்திருக்கட்டும் என்றார்கள். நாலு பெண்கள் ஒரு பழைய புடவையை மறைப்பாகப் பிடிக்க, வாசலில் உன்னைக் குளிப்பாட்டினோம். நல்ல வெயில். கையைத் தூக்கி ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, புடவையைச் சுற்றி முந்தானையைத் தோளில் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன்.

ரோஸ். பஞ்சுமிட்டாய் ரோஸ். புடவை வேறு எங்கோ இருந்தது, ஜாக்கெட் வேறு எங்கோ இருந்தது.

"இன்னாமே, ரோஸு எடுத்தாந்துட்ட?" என்றாள் மறைப்பைப் பிடித்திருந்த ஒருத்தி.

"மேட்சிங் பாக்கற நேரமா இது? நகருங்க, கோடி போடணும்" என்றாள் இன்னொருத்தி.

உன்னை எடுக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. கடை முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது. உன் மகள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, "நல்லாருக்குது சித்தி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். உன் அண்ணன் வீட்டிலிருந்து வந்த கோடித்துணியை மேலே போர்த்தினார்கள். கைப்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. கோடியை இழுத்து மூடினேன். மாலை போடும்போது நழுவியது. மறுபடி இழுத்தேன். மறுபடி நழுவியது. உன் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கும்வரைக்கும் அப்படித்தான் நின்றேன். நீ எழுந்து வரவில்லை.

வேலையை விட முடியவில்லை. விட்டுவிட்டு எங்கே போக? ஆனால் மேட்ச்தான்மா என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. "கிட்டத்தட்ட சேரும்மா" என்கிறேன். சூப்பர்வைசர் ஒரு தடவை முறைத்தான். என்னால் ஆனது அந்த ஒரு சொல்தான்.

இன்று டீக்கு விட்டதும் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். என் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். நாலு மணி இருக்கும், கோபுர நிழல் ரோட்டைத் தாண்டிக் கிடந்தது. நீ போவாயே, அதே மாதிரி பூக்காரிகள் வரைக்கும் நடந்துபோய், வெயிலில் நின்று, துண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். தினமும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒருநாளாவது வேறாகத் தெரியாதா என்று இருக்கிறது.

ரோஸ்தான் அக்கா.