இருபத்திரண்டு படங்களும் ஒரே கோப்பையும்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே நீ, மருமகள், குட்டி மூன்று பேரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்று போனில் சொன்னாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கே சளி பிடித்தால் நோயாளிகள் சிரிப்பார்கள். உன் தங்கைக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் வருகிறாள், வந்ததும் என் மேல் எரிந்து விழுகிறாள், நானும் விட்டுக்கொடுப்பதில்லை.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. நம் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணிக்கு ஐம்பது வயது ஆகிறதாம், பொன்விழா கொண்டாடுகிறார்கள். உனக்கும் அழைப்பிதழ் வந்திருக்கும். வந்திருந்தால் குட்டிக்குப் படம் வரையக் கொடு, பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதில் தங்க எழுத்தில் ‘இருபத்திரண்டு முறை சாம்பியன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தாயா? நான் வேலை பார்க்கிற விளையாட்டுப் பொருளறையில் சட்டை, பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்படியே சிரித்தேன், டீ மூக்கில் ஏறிவிட்டது. இந்த அணி ஜெயித்ததே ஒரே கோப்பை, அதுவும் பந்தை உதைத்து ஜெயித்ததல்ல. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு வருஷம் அரையிறுதிக்கு வரவேண்டிய அணியின் வண்டி வழியில் படுத்துவிட்டது, இறுதிக்கு வந்த அணியில் இரண்டு பேர் மாணவர்களே இல்லை என்று கண்டுபிடித்து வெளியேற்றிவிட்டார்கள். நம் வீரர்கள் சட்டை கசங்காமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அணிப் படம் எடுக்கிற வருஷமெல்லாம் அந்தக் கோப்பையை நடுவில் வைப்பார்கள், இல்லாவிட்டால் படம் மொட்டையாக இருக்கிறதாம். முதல் சுற்றிலேயே ஏழு கோல் வாங்கிவிட்டு வந்த வருஷத்திலும் கோப்பை நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருபத்திரண்டு படங்கள் தாழ்வாரச் சுவரில். விழா மலர் எழுத வந்த வரலாற்றுத் துறை விரிவுரையாளர், புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெண், பாவம், படத்தையெல்லாம் எண்ணி எழுதிவிட்டாள். பயிற்சியாளர்தான் சரிபார்த்திருக்கிறார். நீங்களெல்லாம் விசில் என்று பேர் வைத்தீர்களே, அதே மனிதர்தான், இப்போது உடற்கல்வி இயக்குநராகிவிட்டார், தொப்பை மட்டும்தான் முன்னேறியிருக்கிறது. தப்பாக இருக்கிறதே என்று கேட்டேன். அழைப்பிதழ் அச்சாயிடுச்சும்மா, யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க என்றார். அந்த அணியின் ஐம்பது வருஷச் சரித்திரமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மலரின் இன்னும் அச்சுக்குப் போகாத பக்கங்களை அந்தப் பெண் என்னிடம் காட்டினாள். நீ ஆடிய வருஷத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. இந்த அணி நிஜமாகவே கால் வைத்த ஒரே இறுதிப் போட்டி அதுதான், அதை அவர்களால் மறைக்க முடியவில்லை. ‘கடைசி நிமிடங்களில் கோல்காப்பாளரின் கவனக்குறைவால் வெற்றி கைநழுவியது.’ சொன்னவர் விசில். அழைப்பிதழில் உன்னை வெற்றி அணியின் கோல்காப்பாளர் என்று கூப்பிட்டு மேடையில் நினைவுப் பரிசு கொடுப்பார்களாம், மலரில் உன் தலையில் மிளகாய் அரைப்பார்களாம். வெட்கம் கெட்டவர்கள்.

பெரியவனே, இனி எழுதுவதை உட்கார்ந்து படி. அன்றைக்கு ஒரு கோல் முன்னால் இருந்தீர்கள், இன்னும் ஆறேழு நிமிஷம்தான் பாக்கி. மழை பெய்து மைதானம் சேறு. போட்டோக்காரர் ஐந்து மணிக்கு வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். விசில் என்னிடம் ஓடி வந்து, ரெண்டு பேரு சட்டை ரொம்ப அசிங்கமா இருக்கு, புதுசு எடும்மா, முடிஞ்சதும் உடனே போட்டோ எடுத்துடலாம் என்றார். யாருக்கு என்றால், உனக்கு முன்னால் தடுத்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவரிடம் கேட்டு அவர்களைக் கோட்டுக்கு வெளியே வரவழைத்து, கைகால் துடைத்து, சட்டை மாற்ற வைத்தார். உலகத்தில் எந்த அணியாவது இப்படிச் செய்யுமா? ஈரச் சட்டை தலையில் சிக்கி ஒருவன் தவித்துக்கொண்டிருந்தபோது முதல் கோல், மற்றவன் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கோல். நீ பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று உன்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. அந்தச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தது நான். கையெழுத்து வாங்காமல் ஊசிகூடக் கொடுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பதிவேட்டில் இருக்கிறது, நீலச் சட்டை இரண்டு, நேரம் நாலு நாற்பத்தொன்று, அவர் கையெழுத்து.

ஆட்டம் முடிந்து பொருளறை வாசலில் எல்லோர் முன்னாலும் அவர் உன்னைச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இவன் நின்ன இடத்துல ஒரு பழைய கதவ நிறுத்தியிருந்தாக்கூட பந்து நின்னிருக்கும் என்றார். பையன்கள் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். ஊரையே வாயால் வறுத்தெடுக்கிற உன் அம்மா நான், அன்றைக்குக் குனிந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்க அவர் கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்தார். நான் நிரந்தரமானேன், நீ ஊரை விட்டுப் போனாய். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று தடவை வந்தாய், மூன்று தடவையும் பல்கலைக்கழகத் தெரு பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனாய். இந்த அணியை நான் எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் அந்தக் கேவலத்தில் எனக்கும் ஒரு இடம் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை விழாக்குழு பதிவாளர் அறையில் கூடியது. கூப்பிடாமலே போய் அந்தப் பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பதிவாளர் இது உங்க கையெழுத்தா என்று கேட்டார். கையெழுத்து என்னுதுதான் சார், ஆனா அவசரத்துல போட்டது என்றார் விசில். மலரிலிருந்து அந்த வருஷத்தையே எடுத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள், இருபத்திரண்டு அப்படியே இருக்கும். அவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்த்தால் நான்தான் முட்டாள். அந்தப் பெண் மட்டும் என் பின்னாலேயே வந்து பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன் கையில் இருக்கவேண்டியது. அது என்னை மன்னிப்பதற்கான சீட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விழாவுக்கு வராதே. நானும் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். உனக்குத் தோன்றுகிற வேறு ஒரு நாளில் வா, கோபத்தோடு வந்தாலும் வா, திட்டவேண்டுமென்றால் நேரில் திட்டு, போனில் நீ நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய்.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய். குட்டி பந்து கேட்டாளாம், நீ பொம்மை வாங்கிக் கொடுத்தாயாம், உன் தங்கை சொன்னாள். பந்து வாங்கிக் கொடு, விளையாடட்டும். என்றைக்காவது தோற்பாள், யாராவது ஒருவன் அவளை நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்வான், அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது உடனே வாயைத் திற. என்னைப் போலப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா