கயோரியின் வில்லும் கல்மதகின் நீரும்

மழை தன் தவணை தவறாதிருப்பதாக. மன்னர் முடி சாயாதிருப்பதாக. செந்நெல் நாட்டின் உரிமையாளரும், மூன்று கோட்டைகளுக்கும் முந்நூறு யானைகளுக்கும் தலைவரும், பகைவர் உண்ணும்போது நினைத்துப் புரையேறும் பெயருடையவருமான மன்னர் ஆதன் எழிலனார் திருமுன்னர், குறும்பொறை நாட்டிற்குத் தூது வந்திருக்கும் மருதங்கிழான் நப்பாலன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

அரண்மனையிலும் பாசறையிலும் குதிரைக் கொட்டிலிலும் யாவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அடியேன் நலமே. கண்கள் மட்டும் சிவந்திருக்கின்றன. அதன் காரணம் கீழே வரும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று முற்பகலில் கல்மதகு திறக்கப்பட்டது. வெண்ணீராறு நம் எல்லைக்குள் ஓடி வந்துகொண்டிருக்கிறது. இவ்வோலை தங்கள் கைக்கு வருமுன்னரே நீர் வயலுக்குள் நுழைந்திருக்கும். மற்றொரு செய்தி, இதற்காகத் தாங்கள் இட்ட கட்டளைகளுள் இரண்டை அடியேன் மீறிவிட்டேன். எவ்வாறு மீறினேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்தபின் தண்டனையைத் தாங்களே தீர்மானித்தருள்க.

இந்நாட்டு அரசி அல்லியங்கோதையாரிடம் ஒரு சொல்லும் மறுத்துப் பேசக்கூடாது என்பது முதற் கட்டளை. மதகு அடைபட்டதால் நம் பதினொரு ஊர்களின் நாற்றங்கால்களும் கருகுகின்றன என்று உருக்கமாக எடுத்துரைக்க வேண்டும் என்பது இரண்டாவது. வந்த அன்றே, சபையில், நீர் ஒப்பந்த ஓலையை நீட்டி உருக்கமாகத் தொடங்கினேன். அரசியார் ஓலையைத் தொடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், தூதுவரே. உம் நாட்டில் அனிமே பார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

அடியேன் அதை ஏதோ ஒரு நோயின் பெயரென்று எண்ணி, எங்கள் நாட்டில் அது இல்லை, முன்னோர் காலத்திலேயே ஒழித்துவிட்டோம் என்று பணிவுடன் விடையளித்தேன். சபை முழுவதும் அடியேனை இரக்கத்தோடு பார்த்தது. அரசியார் ஒப்பந்த ஓலையைச் சுருட்டித் தம் அமைச்சர் வில்லவதரையரிடம் கொடுத்து, இவர் பார்த்து முடிக்கும் வரை இது உம்மிடமே இருக்கட்டும் என்றார்.

கீழைக் கடலுக்கு அப்பாலுள்ள தீவார் வரைந்து அனுப்பும் ஓடும் ஓவியக் கதைகளே அனிமே என அன்று பிற்பகல் அறிந்தேன். சாளரங்களைச் சாத்தி இருட்டாக்கிய கூடத்தில், விளக்குப் பேழையொன்று அவற்றை வெண்துணியில் வீழ்த்துகிறது. மாந்தர் தீவு மொழியிலேயே பேசுகின்றனர். அடியில் தமிழ் வரிகள் ஓடுகின்றன. வரியைப் படித்தால் முகம் தப்பிவிடுகிறது, முகத்தைப் பார்த்தால் வரி தப்பிவிடுகிறது. முதல் இரண்டு நாட்கள், யார் யாரை எதற்காக வெட்டுகிறார் என்று அறியாமலே அடியேன் அரசியாருக்காகத் தலையசைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காட்டப்பட்டது 'இரும்பு நாரை' என்னும் தொடர். கோட்டை அளவு பெரிய இரும்புப் பறவைகளுக்குள் அமர்ந்து, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நாட்டைக் காக்கிறார்கள். மீசை வைத்த தளபதிகள் பன்னிருவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பிள்ளைகளோ போர் முனையில் அழுகிறார்கள், பறவைக்குள் அழுகிறார்கள், குளிக்கையிலும் அழுகிறார்கள். தளபதிகளில் ஒருவர்கூட, நீ இறங்கு, நான் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. இந்நிர்வாகம் அடியேனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அரசியார் எப்படி என்று வினவியபோது, தங்கள் கட்டளையை நினைந்து, "அற்புதம், தேவி" என்றேன்.

அடுத்து, வலைக்கு இருபுறமும் நின்று பந்தடிக்கும் பள்ளி மாணவரின் கதை. ஒருவன் பந்தை மேலே அடித்தான். அது கீழே வருவதற்குள் இரண்டு பகுதிகள் ஓடிவிட்டன. அதற்கிடையில் எழுவர் தம் பிள்ளைப் பருவத்தை நினைவுகூர்ந்தனர். ஒருவனின் தாத்தா நோயுற்றுக் குணமடைந்தார். இது என்ன கூத்து என்று மனத்துள் சிரித்தேன். ஆயினும் பந்து இறங்கியபோது, பக்கத்தில் இருந்த குறும்பொறைப் படைத்தலைவரின் தோளை இறுகப் பிடித்திருந்தது அடியேனின் கைதான். அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவர் அழுதுகொண்டிருந்தார். அதற்கும் "அற்புதம்" என்றேன். அது பாதி உண்மை.

பின்பு 'குடை தைக்கும் தெரு' என்றொரு திரைப்படம். ஒருத்தி கிழிந்த குடையைத் தைக்கக் கொடுக்கிறாள். மழை பெய்கிறது. மறுநாள் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். கதை அவ்வளவே, எவரும் எவரையும் வெட்டவில்லை. தைப்பவன் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் இடத்தில் அடியேன் அழுதுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. மேலாடையால் முகத்தை மூடி, தும்முவதுபோல் காட்டிக்கொண்டேன். அதற்கும் அதே "அற்புதம்". அரசியார் மெல்லக் கொட்டாவி விட்டதைக் கவனித்தேன். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

இறுதியாக, அரசியார் உயிரென மதிக்கும் 'ஏழு கதவு' தொடங்கியது. தொண்ணூற்றாறு பகுதிகள், பகுதிக்கு ஒரு நாழிகை. எட்டு நாட்கள் வேறு எப்பணியும் நடக்கவில்லை. ரென்சோ என்னும் வீரன் தன் ஆசானைக் கொன்றவனைத் தேடி ஏழு கதவுகளைக் கடந்து செல்கிறான். அவனோடு கயோரி என்னும் வில்லாளி வருகிறாள். மன்னவா, ஆறு கதவுகளைத் திறந்தவள் அவளே. அவன் ஒவ்வொரு கதவின் முன்னும் மூன்று பகுதிகள் நின்று உரக்கக் கத்தித் தன் வலிமையைத் திரட்டுவான். அதற்குள் அவள் பின்வழியே ஏறிக் காவலரை வீழ்த்தித் தாழைத் திறந்திருப்பாள். நான்காம் நாளிலிருந்து அடியேன் விடியுமுன்னரே எழுந்து, சாளரங்களைச் சாத்த ஏவலருக்கு உதவி செய்துகொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிப் பகுதியில் கொலைகாரன் தன் சிறு வயதில் பட்ட துன்பத்தை அரை நாழிகை சொன்னான். ரென்சோ அவனைத் தழுவி மன்னித்தான். கயோரி எங்கே என்று பார்த்தேன். பின்னால் ஒரு குடிசையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். முற்றும் என்று எழுத்து விழுந்தது.

சாளரங்கள் திறக்கப்பட்டன. சபை முழுவதும் விம்மியது. அரசியார் கண்களைத் துடைத்துக்கொண்டு, "எப்படி, தூதுவரே?" என்று கேட்டார். அற்புதம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"முடிவு சரியில்லை, தேவி."

விம்மல் நின்றது. அரசியார் அடியேனை இதுவரை பார்க்காதவர்போல் பார்த்தார்.

"என்ன சொன்னீர்?"

"ஆறு கதவைத் திறந்தவளை அடுப்படியில் உட்கார்த்திவிட்டார்கள். அந்த வில் எங்கே போயிற்று? அதையாவது சுவரில் மாட்டிக் காட்டினார்களா? எட்டு நாள் கத்தியவனுக்கு மாலை. காரியம் செய்தவளுக்குக் கண்ணெரிச்சல். இதை வரைந்தவர் கையில் இனி எழுதுகோலே கொடுக்கக்கூடாது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு நாழிகைக்கும் மேலாகப் பேசினேன். இடையில் நீர் குடித்துவிட்டும் தொடர்ந்தேன். வாயிற்காவலன் ஒருவன் ஈட்டியைப் பாதி தூக்கியபடி வில்லவதரையரிடம், "ஐயா, இதுக்குக் குத்தணுமா வேண்டாமா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. இக்குற்றத்திற்கு விதியேதும் எழுதப்பட்டிருக்கவில்லை போலும். அரசியார் எழுந்து சென்றார்.

விடுதிக்குத் திரும்பி மூட்டை கட்டினேன். நம் ஊர்களின் நாற்றுகளை ஒரு வில்லாளிக்காகக் கொன்றுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலை அழைப்பு வந்தது. தலை போகும் என்றெண்ணிச் சென்றேன். அரசியார் மடியில் நாற்பத்து மூன்று ஏடுகள் கொண்ட கட்டு இருந்தது. அடியேனுக்கு மறுப்பு எழுதியிருந்தார்.

மூன்று நாட்கள் வழக்காடினோம். போர் முடிந்தவளுக்கு அமைதியாக ஒருவேளைச் சோறு சமைப்பதே வெற்றி என்பது அவர் பக்கம். அப்படியானால் ரென்சோ சமைக்கட்டுமே என்பது என் பக்கம். ஒருமுறை அவர் ஏட்டுக் கட்டைத் தரையில் எறிந்தார். ஒருமுறை அடியேன், இறைவன் மன்னிப்பாராக, அவர் பேசும்போதே குறுக்கே பேசினேன். உணவு வந்து ஆறியது. வில்லவதரையர் எங்கள் இருவருக்கும் நடுவே நின்று விசிறியையே இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். முடிசூடிய ஒன்பது ஆண்டுகளில் அரசியாரை இவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்ததில்லை என்று பின்னர் அவர் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை, அரசியார் திடீரெனக் குரலைத் தாழ்த்தினார்.

"இரும்பு நாரை உமக்குப் பிடிக்கவில்லை, இல்லையா?"

"இல்லை, தேவி."

"அற்புதம் என்றீரே."

"பொய் சொன்னேன்."

"அப்படியானால் நாற்றுக் கருகுகிறது என்றீரே, அதில் எவ்வளவு பொய்?"

 அவர் விடைக்குக் காத்திராமல் மேலும் கூறினார். மூன்றாண்டுகளுக்கு முன் நம் தூதர் ஒருவர் இதே சபையில் உருண்டு புரண்டு அழுதாராம். அரசியார் இரங்கி மதகைத் திறந்தாராம். அந்த நீரில் தாங்கள் ஓடத் திருவிழா நடத்தியதை ஒற்றர் வந்து சொன்னார்களாம். அதனால்தான் இம்முறை மதகு அடைபட்டே இருந்ததாம். அத்திருவிழாவில் அன்னப் படகின் கழுத்தைப் பிடித்து நின்றவன் அடியேனே என்பதால், மறுக்க இயலவில்லை.

பதினொரு ஊர் என்று சொல்லத்தான் பணித்தீர்கள். அடியேன் ஒன்பது என்றேன். கொன்றைவாயிலிலும் நெடுவரம்பிலும் ஏரி நிரம்பியிருக்கிறது, அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். மீதி ஒன்பது ஊரிலும் நாற்று மஞ்சளாகிவிட்டது, வரும் வழியில் என் கையாலேயே பிடுங்கிப் பார்த்தேன், அப்போதே வேர் நுனி காயத் தொடங்கியிருந்தது, இன்னும் ஐந்து நாள் தாங்காது என்றேன். உருக்கமாகச் சொல்ல முடியவில்லை, குரல் கரகரத்துப்போயிருந்தது.

 அரசியார் வில்லவதரையரிடம் கைநீட்டி ஒப்பந்த ஓலையைக் கேட்டு வாங்கினார். பதினொன்று என்றிருந்ததைத் தம் கையாலேயே எழுத்தாணியால் கீறி ஒன்பதாக்கி, அந்த ஒன்பது ஊருக்கும் ஆண்டுதோறும் நாற்றுக்காலத்தில் நீர் விடுவதாக எழுதி, முத்திரையிட்டார். மறுநாள் நாங்களே மதகுக்குச் சென்றோம். பலகை உயர்ந்தபோது முதலில் சேறுதான் வந்தது. பிறகு நீர் வந்தது. அரசியார் படியில் அமர்ந்து காலை நனைத்துக்கொண்டு, கயோரியைப் பற்றித் தம் கருத்தில் அணுவளவும் மாற்றமில்லை என்று கூறினார். அடியேனும் அவ்வாறே கூறினேன்.

இதுவே நடந்தது. தங்கள் இரு கட்டளைகளையும் மீறியவன் என்ற முறையில் அடியேனின் தலை தங்கள் வசமே உள்ளது. ஆனால் ஒன்று மட்டும் விண்ணப்பிக்கிறேன்: வரும் ஆண்டுகளில் இங்கு அனுப்பும் தூதர் எவராயினும், அவரிடம் அற்புதம் என்ற சொல்லைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

நாற்று தழைக்க. கதிர் சாய. களம் நிறைய. குறும்பொறைத் தலைநகரில், ஆடித் திங்கள் பதினேழாம் நாள் முற்பகல், தூதுவன் நப்பாலன் கைச்சாத்து.

இதன்கீழ் அரசி அல்லியங்கோதை தன் கையால் எழுதுவது. ஓலையை என் சாவடியில் பிரித்துப் படித்தேன். இந்நாட்டில் அது வழக்கம். மன்னர் இவரைத் தண்டித்தாலும் மதகு மூடப்படாது. ஒன்பது ஊரின் பசியை வைத்து நான் பேரம் பேசுவதில்லை. எனினும் தீவிலிருந்து நேற்று ஒரு புதிய தொடர் வந்து இறங்கியிருக்கிறது. சபையில் அறுபது பேர் இருக்கிறார்கள். அறுபது பேருக்கும் அது இப்போதே பிடித்துவிட்டது, இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே இவரைத் தலையோடு திருப்பி அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்குப் பேழையை ஏற்றாமல் காத்திருப்போம். இது என் முத்திரை.