திருப்பிக் கொடுக்காத சப்பாத்துப் பை

மச்சான்,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஜப்பான் கோட்டைக்குள் போகும்போது காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிப் போட்டுக் கையில் கொண்டு திரியச் சொல்லி ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை தந்தார்களே, அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே வரும் வாசலில் பெட்டி இருந்தது. பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு பொம்மைப் பெண் இடுப்பை வளைத்து, பையை இதற்குள் போடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தபடியே பையை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் படம் விளங்காதவன் இல்லை. நல்ல தடித்த பை. மரக்கறி வாங்க உதவும் என்று நினைத்தேன்.

இரண்டு வருசம் தாண்டிவிட்டது. மரக்கறி ஒன்றும் வாங்கவில்லை. போன சனிக்கிழமை, இனிக் குளிர் வராது என்று நம்பி, தடித்த ஜாக்கெட்டை அலுமாரிக்குள் தள்ளினேன். அடியில் அந்தப் பை சரசரத்தது. உள்ளே, பயணத்தால் வந்து நானே கழற்றிப் போட்ட உன் சப்பாத்து, ஒன்பதாம் நம்பர், அடியில் அந்தக் கோட்டைத் தோட்டத்துச் சின்னக் கல் ஒன்று இன்னும் இறுகிக்கொண்டு.

நான் கடிதம் எழுதி நீ கண்டதில்லை. படிவம் என்று எது வந்தாலும் நீதான் நிரப்புவாய், நான் கீழே கையெழுத்தை வைப்பேன். இப்போது நிரப்ப ஆளில்லை. பிழை கிடந்தால் பொறுத்துக்கொண்டு வாசி.

பயணத்துக்கு முதல் கிழமை இரண்டு பேரும் போய் வாங்கினோமே, ஒரு சோடி வாங்கினால் மற்றச் சோடி பாதி விலை என்று. சாம்பல் நிறம், பக்கத்தில் நீலக் கோடு. உனக்கு ஒன்பது, எனக்குப் பத்து. "இரட்டைப் பிள்ளையள் மாதிரி ஒரே சப்பாத்தோ? சனம் சிரிக்கும்" என்றாய். "சனம் உன்ரை மூஞ்சையைப் பாத்தே சிரிக்குது. காலுக்கு எங்கை நேரம்?" என்றேன். இருபத்திரண்டு வருசம் உன் காரில் மிசிசாகா பக்டரிக்குப் போய்வந்தவன் நான். அந்த வாய் அடித்த பகிடிக்கும் நக்கலுக்கும் நீ ஒரு நாள்கூட என்னை வழியில் இறக்கிவிட்டதில்லை.

உன் மகள் ஜப்பானில் இங்கிலிஷ் படிப்பிக்கப் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, வேலையில் லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் உன்னோடு நான் வந்தேன். புறப்படும் நாள் பெட்டியோடு உன் பதினொராம் மாடி வீட்டுக்கு ஏறி வந்தபோது, தங்கச்சி என்னைக் கதவோரம் மறித்தாள். நீ உள்ளே பாஸ்போட்டைத் தேடிக்கொண்டிருந்தாய்.

"அண்ணை, இவருக்குக் கொஞ்ச நாளா மூச்சு வாங்குது. டொக்டரிட்டைப் போங்கோ எண்டால், போட்டு வந்து பாப்பம் எண்டுறார். மேடு, படி ஒண்டிலையும் ஏத்திப்போடாதைங்கோ. உங்களை நம்பித்தான் விடுறன்."

"தங்கச்சி, தேவையெண்டால் நான் ஆளைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிவன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

உள்ளேயிருந்து நீ கத்தினாய்: "ஆரு, உவனோ? உவன் தன்ரை சாப்பாட்டுப் பெட்டியையே தூக்க மறந்து போற ஆள்!"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புத்தான், மச்சான், இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அந்த ஊரின் பேர் இன்றைக்கும் என் வாயில் வராது. மகள் வேலைக்குப் போகிற வழியில் எங்களைக் கோட்டை வாசலில் விட்டுவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போனாள். சுற்றிவர நீர். அதற்குள் கன்றுக்குட்டி மொத்தத்தில் மீன்கள். "இதுக்குப் பேர் அகழி" என்றாய். அதற்கு அப்பால் தோட்டம். மேப்பிள் மரமெல்லாம் சிவந்துபோய் நின்றது. "மேப்பிள் இலை பாக்கக் கனடாவிலையிருந்து இவ்வளவு தூரம் வந்தமே, எங்களைவிட விசரர் ஆரும் இருப்பாங்களோ?" என்று நீ கேட்டாய். ஒரு மனுசி நிலத்தில் குந்தியிருந்து, கைவிளக்குமாறால் பாசியின் மேலே விழுந்த இலைகளை, பாசிக்கு நோகாமல், ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

குளத்தோரம் ஒரு கிழட்டுப் பைன் மரம். அதன் கொப்புகள் தண்ணீருக்கு மேலே நீண்டு கிடந்தன. ஒவ்வொரு கொப்புக்கும் கீழே ஒரு மரக்கால் முட்டுக் கொடுத்து, கட்டுப்போட்டு நிறுத்தியிருந்தார்கள். நீ அதன் பக்கத்து வாங்கில் இருந்துவிட்டாய்.

"மரத்துக்கு எத்தினை ஊண்டுகோல் பாத்தியே" என்றாய். பிறகு, "சப்பாத்து இறுக்குதடா."

"புதுச் சப்பாத்து இறுக்காமல் கொஞ்சுமோ?"

நீ கழற்றினாய். உன் கால் அப்படி வீங்கியிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். சொக்ஸ் பிடித்த இடத்தில் சுற்றிவர ஒரு விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். வேறு எவனாவது அதைக் கண்டிருந்தால் உன்னைக் கையோடு டொக்டரிடம் கொண்டு போயிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "பார், உன்ரை காலிலையும் அகழி வெட்டி வைச்சிருக்கிறாங்கள். இனி ஒரு எதிரியும் கிட்ட வரமாட்டான்."

நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். சிரித்த பிறகு அந்த மூச்சை எடுக்க உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன். பிளேனில் இருந்த களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பத்தாம் நம்பரைக் கழற்றி உனக்குத் தந்தேன், உன் ஒன்பதுக்குள் என் காலைத் திணித்தேன். பெரிய உபகாரம் செய்தவன் போல அன்று முழுக்க நொண்டிக் காட்டினேன். கனடாவுக்குத் திரும்பும் மட்டும் நாம் அதை மாற்றிக்கொள்ளவேயில்லை.

கோட்டை கண்ணுக்கு முன்னால் நின்றது. நேரே போனால் ஐந்து நிமிட நடை. ஆனால் பாதை திரும்பியது, வாசல் வந்தது, மறுபடி திரும்பியது, மறுபடி ஒரு வாசல், ஒவ்வொரு திருப்பத்திலும் மேடு. கிட்டப் போகிறோம் என்று நினைக்கும்போது கோட்டை முதுகுக்குப் பின்னால் போய்விடும். "சண்டைக்கு வாறவன் களைச்சு விழத்தான் இப்பிடிக் கட்டியிருக்கிறாங்கள்" என்றாய். வெள்ளைச் சுவரில் வரிசையாக ஓட்டைகள், சில வட்டம், சில முக்கோணம். நீ ஒன்றுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாய். நாம் ஏறிவந்த பாதை முழுக்க அதற்குள்ளால் தெரிந்தது. "இப்பிடி ஒரு ஓட்டைக்குப் பின்னாலை இருந்துதானேடா ஊரிலை ஆமிக்காரரும் எங்களைப் பாத்துக்கொண்டிருந்தவங்கள்" என்றாய். நான் அதற்குள் கண்ணை வைக்காமல் மேலே நடந்தேன்.

உள்ளே சப்பாத்தைக் கழற்றினோம். என் சொக்ஸின் ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "உன்ரை விரலுக்கும் ரிக்கற் எடுத்தனியோ?" என்று கேட்டு அதையும் படம் எடுத்தாய். ஆறு மாடி. படியா அது? ஏணி. மேலே போகப் போக மாடி சிறுக்கிறது, படி நிமிர்கிறது. மூன்றாம் மாடியில் நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நாலாம் மாடியில் யன்னல் கட்டில் இருந்துவிட்டாய். முகம் சாம்பல்.

"நீ போட்டு வா. நான் இதிலை இருக்கிறன்."

அந்த நேரம் எண்பது வயசு மதிக்கக்கூடிய ஒரு கிழவி, கையில் தன் சப்பாத்துப் பையோடு, உனக்குத் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறினாள். நான் விடுவேனா?

"பார், உந்தப் பாட்டி போறா! நீ இரு ராசா. உம்மடை புருசன் நாலாம் மாடியோடை கவுண்டிட்டார் எண்டு தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்புறன்."

போனைத் தூக்கினேன். நீ எழும்பினாய்.

உச்சியில் ஒரு சின்னச் சாமியறை, நாலு பக்கமும் கம்பி போட்ட யன்னல், நல்ல காற்று. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாய். ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. தூரத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தைக் காட்டி, "அதுதான் பிள்ளையின்ரை பள்ளிக்கூடம்" என்றாய். பிறகு திரும்பிச் சிரித்தாய். "மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணுமடா. ஆனா அவள் வந்திருந்தால் என்னை இதிலை ஏற விட்டிருக்க மாட்டாள்." அந்தச் சிரிப்பை நான் படம் எடுத்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் என் பத்தாம் நம்பர் தொங்குகிற பை.

கனடாவுக்குத் திரும்பி வந்து மூன்றாம் கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் கனநாளாகக் களைத்துப் போயிருந்ததாம். சமீபத்தில் உடம்பை வருத்தி ஏதாவது செய்தவரா என்று டொக்டர் கேட்டாராம். தங்கச்சி நடைவழிக்கு வந்து அதையே என்னிடம் கேட்டாள். "அண்ணை, அங்கை படி கிடி ஏறினவரோ?"

"இல்லைத் தங்கச்சி. தோட்டத்திலை இருந்து மீன் பாத்தவர்."

அடுத்த நாள் விடிய நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் எலிவேற்றரில் ஏறவில்லை. அதற்குள் தங்கச்சியைச் சந்தித்தால் எந்த முகத்தைக் காட்டுவது? ஒரே கட்டிடம், அவள் பதினொன்றில், நான் ஏழில். இந்த இரண்டு வருசமும் ஏழு மாடியைப் படியால்தான் ஏறி இறங்குகிறேன். ஐந்தாம் மாடியில் எனக்கும் மூச்சு வாங்குகிறது. படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னைப் பகிடி பண்ணி ஏற்ற அங்கே ஒருவரும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, பதினொராம் மாடிக்குப் போனேன். இந்த முறை எலிவேற்றரில். தங்கச்சி கதவைத் திறந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள், மச்சான்.

"என்ன அண்ணை, வீடு மாறிட்டியளோ எண்டு நினைச்சன்."

வாசலில், நீ கழற்றிவிட்ட இடத்தில், என் பத்தாம் நம்பர் அப்படியே இருந்தது. நான் கதிரையில்கூட இருக்கவில்லை.

"தங்கச்சி, நான் உமக்குப் பொய் சொன்னனான். அவர் ஏறினவர். உச்சி மட்டும் ஏறினவர். இருந்திட்ட ஆளை நான்தான் நக்கலடிச்சு எழுப்பி ஏத்தினனான்."

குசினியில் தண்ணி கொதித்த சத்தம் கேட்டது. போய் நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

"மேலை போய் என்ன செய்தவர்?"

படத்தை எடுத்துக் கொடுத்தேன். நீ அங்கே சொன்னதையும் சொன்னேன், அவளைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்ததும் விரலால் தட்டி மறுபடி பார்த்தாள்.

"இப்பிடிச் சிரிச்சு நான் கண்டு எவ்வளவு காலம். இதை இரண்டு வருசம் எனக்குத் தராமல் வைச்சிருந்தனீங்கள்."

"ஓம்."

"ஏத்தினது ஒரு குற்றம். இது வேறை." போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "உங்களை நல்லாப் பேச வேணும் அண்ணை. எனக்கு இண்டைக்கு ஏலாது. நாளைக்கு வாங்கோ."

எழும்பி, பையிலிருந்து உன் சப்பாத்தை எடுத்தாள். வாசலில் என்னுடையதுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். நாலும் ஒரே சாம்பல், ஒரே நீலக் கோடு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "உங்கடையை எடுத்துக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குனிந்து, கையில் பட்ட இரண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் பேசப் போவதை வாங்கத்தான் வேண்டும். மன்னிப்பாள் என்று நான் போகவில்லை. இதை எழுதி முடித்ததும் மேலே போகிறேன். இன்று ஒரு பகிடியும் விடமாட்டேன் என்று உனக்குச் சொல்லி வைக்கிறேன். நீ நம்பமாட்டாய்.

இன்று காலை அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்தது, இடக்காலில் இருப்பது ஒன்பது, வலக்காலில் இருப்பது பத்து. பஸ் வந்துவிட்டது. ஏறினேன். இரண்டு பஸ் மாறி மிசிசாகாவுக்குப் போய், எட்டு மணித்தியாலம் நின்று பெட்டி அடுக்கிவிட்டு வந்தேன். உன் வீட்டு வாசலிலும் இப்போது ஒரு ஒன்பதும் ஒரு பத்தும்தான் நிற்கும். இடக்கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.